பொருள்: ஜி.பி.38-2 மாதிரி ரயில் எஞ்சின் டீடெயில் கிட்டில் தவறான துளைத்தாள் – நான்காவது புகார்

வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். முதல் மூன்று கடிதங்களுக்கும் "உங்கள் கருத்துக்கு நன்றி" என்று ஒரே பதில்தான் வந்தது. நான் கருத்துச் சொல்லவில்லை ஐயா, புகார் சொன்னேன்.

உங்கள் ஹெச்.ஓ. அளவு (நிஜத்தில் 87-ல் ஒரு பங்கு) ஜி.பி.38-2 டீடெயில் கிட்டை, அதாவது மாதிரி எஞ்சினில் பொருத்தும் நுண்பாகங்களின் தொகுப்பை, வாங்கினேன். அட்டையில் பெயர் சரியாகத்தான் இருக்கிறது. உள்ளே இருந்த கூரைத் துளைத்தாள் (எங்கே துளை போட வேண்டும் என்று காட்டும் தாள்) ஜி.பி.40-2 என்ற வேறு ரக எஞ்சினுக்கானது. 38-2-வின் கூரையில் ரேடியேட்டர் விசிறி இரண்டு, 40-2-வில் மூன்று. இதை உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. தாளில் வெறும் புள்ளிகள்தான். விசிறியை வரைந்திருந்தால் பார்த்தவுடனே பிடித்திருப்பேன். நம்பிக் கூரையில் ஒட்டினேன். 0.34 மில்லிமீட்டர் ட்ரில் பிட்டை 'பின் வைஸ்' என்ற சிறு கைப்பிடியில் மாட்டி, விரல் நுனியால் உருட்டி உருட்டி, முன்பக்கத்திலிருந்து ஒவ்வொரு துளையாகப் போட்டுக்கொண்டு வந்தேன். இரண்டு பிட் முறிந்தன. பதினோராவது துளை நேராக விசிறியின் விளிம்பில் போய் விழுந்தது. அப்போதுதான் விஷயம் புரிந்தது.

போன் செய்தேன். எடுத்த நபர் முழுக்கக் கேட்டுவிட்டு, "ஓட்டை போட்டது நீங்களா, நாங்களா?" என்றார். அதோடு ஒரு சிரிப்பு வேறு. பெயர் கேட்டேன், சொல்லவில்லை. அழைப்பைப் பதிவு செய்வதாக நீங்களே அறிவிக்கிறீர்களே, அந்தச் சிரிப்பை எடுத்துக் கேளுங்கள். தாள் தவறு என்று ஒரு வார்த்தை ஒப்புக்கொண்டிருந்தால் இந்தக் கடிதமே இருந்திருக்காது.

எம்.யூ. ஹோஸ்களை (எஞ்சின்களைச் சேர்த்து ஓட்ட இணைக்கும் குழாய்களின் மாதிரி) சொல்ல மறந்துவிட்டேன். அவை டெல்ரின் என்ற பிளாஸ்டிக். பெயின்டும் பிடிக்காது, பசையும் பிடிக்காது என்று உங்களுக்குத் தெரியும். இன்னொரு ஊழியர் (இவர் மரியாதையாகவே பேசினார், அதைச் சொல்லியாக வேண்டும்) "சூப்பர் க்ளூ தாராளமாகப் போடுங்கள்" என்றார். போட்டேன். ஹோஸ் ஒட்டவில்லை. ஆனால் அந்தப் பசையின் ஆவி பட்டு கேப் (டிரைவர் அறை) கண்ணாடி இரண்டும் பால் போல வெளுத்துவிட்டன. என் எஞ்சின் டிரைவருக்கு இப்போது கண்புரை.

அப்புறம் சர்வீஸ் சென்டர். "நேரில் கொண்டு வாருங்கள்" என்று சொன்னதே உங்கள் ஆட்கள்தான். ஸ்பாஞ்சில் சுற்றி, மடியில் வைத்து, அரை நாள் லீவு போட்டுக் கொண்டுபோனேன். டோக்கன் வாங்கி ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்தபின், "கிட்டெல்லாம் இங்கே பார்ப்பதில்லை, முழு லோகோ மட்டும்தான்" என்றார்கள். என் மடியில் இருந்தது முழு லோகோ இல்லாமல் என்னவாம்? திரும்பி வரும் வழியில் அதுவரை ஒழுங்காக நின்றிருந்த ஹார்னும் கழன்று விழுந்து தொலைந்தது. ஐந்து குழல் ஹார்ன். என் கையால் பெயின்ட் அடித்தது.

ஆறு மாத உழைப்பு போயிற்று. இந்தப் பொழுதுபோக்கே வேண்டாம் என்று ஆகிவிட்டது. ஐந்து மில்லிமீட்டர் நீளக் கைப்பிடிக் கம்பியைக் கையில் எடுத்தாலே அந்தச் சிரிப்புதான் காதில் கேட்கிறது.

உங்கள் தயாரிப்புகள் மேல் எனக்கு இன்னும் மதிப்பு உண்டு. ஆகவே தயவுசெய்து சரியான துளைத்தாளுடன் புது கிட், ஒரு புது ஷெல் (எஞ்சினின் மேல்கூடு), கேப் கண்ணாடிகள், ஹார்ன் ஆகியவற்றை அனுப்பிவையுங்கள். அதே தாள் எத்தனை பெட்டிகளில் போயிருக்கிறது என்றும் பாருங்கள். 15 நாள் காத்திருப்பேன். அதற்கு மேல் போனால் நுகர்வோர் நீதிமன்றம்தான். துளைத்தாள், ஷெல், சர்வீஸ் சென்டர் டோக்கன் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. சர்வீஸ் சென்டருக்கு மட்டும் இன்னொரு முறை வரச் சொல்லாதீர்கள்.

இப்படிக்கு,
பதினொரு துளை போட்ட வாடிக்கையாளர்

இணைப்பு: விசிறி விளிம்பில் விழுந்த துளையின் படம் (பெரிதாக்கிப் பார்க்கவும்)