அயிரைக்குத் தண்ணீர் மட்டும் போதாது

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழின் ஆற்று மீன்கள் கட்டுரையில் அயிரைக்குக் கிடைத்தது ஒரே பத்தி; அதிலும் பாதி குழம்பு! அயிரை குறைந்துவருவதற்கு மழையின்மையும் சாக்கடையும் காரணம் என்று கட்டுரையாளர் முடித்துவிட்டார். இரண்டும் சரிதான். மணலை மறந்துவிட்டார்.

அயிரை மணலில் குடியிருக்கும் மீன். விரல் நீளம் வந்தாலே பெரிது. பழுப்புத் திட்டுகள் போட்ட உடம்பை மணலுக்குள் புதைத்து, கண்ணை மட்டும் வெளியே விட்டுக் கிடக்கும். பக்கத்தில் கால் வைத்தால் மணல் லேசாகக் கலங்கும். அதற்குள் சற்றுத் தள்ளி மறுபடி புதைந்திருக்கும். வாயோரத்து மீசைகளால் தரையைத் துழாவி, மணலை வாய்நிறைய அள்ளி, புழுவையும் பாசித் துணுக்கையும் வைத்துக்கொண்டு மீதியைச் செவுள் வழியே தள்ளிவிடும். சமைக்கிறவர்கள் உயிரோடு பாலில் விட்டு மணலைக் கக்கவைப்பது சும்மா இல்லை. கண்ணுக்குக் கீழே மடங்கிக் கிடக்கும் சிறு முள் ஒன்றும் உண்டு. பிடித்தால் நிமிர்த்திக் குத்தும்.

தண்ணீர் கெடுவதையாவது அது ஓரளவு சமாளிக்கும். கோடையில் ஆறு குட்டைகளாகச் சுருங்கி ஆக்சிஜன் குறையும்போது, மேலே வந்து ஒரு வாய் காற்றை விழுங்கிவிட்டுக் கீழே போய்விடும். அதிலுள்ள ஆக்சிஜனைக் குடலே உறிஞ்சிக்கொள்ளும்; மிச்சக் காற்று பின்வழியே வெளியேறும். பிரெஞ்சு விலங்கியலாளர் வலென்சியென் 1846-இல் இந்த மீனுக்கு அறிவியல் பெயர் வைத்தது, திருகோணமலைப் பக்கம் கன்னியா வெந்நீர் ஊற்றுகளில் கிடைத்த மீனைப் பார்த்துத்தான். இத்தனைக்கும் ஈடுகொடுக்கும் மீனுக்கு, மணலை வழித்தெடுத்த பின் மிஞ்சும் களிமண்ணிலும் பாறையிலும் ஒளிய இடமில்லை, துழாவ இரையும் இல்லை.

மணல் குவாரிகளுக்கான மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் 2020 வழிகாட்டுதல்கள், பருவமழைக்கு முன்னும் பின்னும் படுகையை அளந்து எவ்வளவு மணல் திரும்பிப் படிந்திருக்கிறது என்று பார்க்கச் சொல்கின்றன. எல்லாம் கன மீட்டர் கணக்கு. அளக்கப் போகிறவர்கள் ஒரு சல்லடையையும் கையோடு கொண்டுபோய், ஓரத்து மணலைச் சலித்து அயிரை உண்டா இல்லையா என்று குறித்துவந்தால் என்ன? பெரிய செலவொன்றும் பிடிக்காது. குவாரி அறிக்கையில் அந்த ஒரு வரியைச் சேர்க்கச் சொல்லி உங்கள் தலையங்கத்தில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
வைகைக்கரை வாசகர்