டோபமைன்னா வெறும் ‘இன்ப ஹார்மோன்’ தானா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். மிருகங்களோட இனச்சேர்க்கை பத்தி வந்த கட்டுரைல மூளைல சுரக்குற டோபமைன ‘இன்ப ஹார்மோன்’னு ஒரே வார்த்தைல முடிச்சிட்டீங்க, படிச்சதும் சப்புன்னு ஆயிடுச்சு சார்.

விஷயம் சுரக்குற சரக்குல மட்டும் இல்ல, அதை வாங்கிக்கிற ரிசெப்டார்லயும் இருக்கு. பெண் எலி இணைய ரெடியா இருந்தா முதுக வளைச்சு அசையாம நிக்கும், அதுக்கு ஈஸ்ட்ரோஜன், அப்புறம் புரோஜெஸ்டிரோன்னு சினைப்பைல சுரக்குற ரெண்டு பெண் ஹார்மோனும் வேணும்னுதான் ரொம்ப நாளா சொல்லிட்டு இருந்தாங்க. 1994ல வந்த ஒரு ஆய்வுல, சினைப்பை எடுத்த எலிக்கு கொஞ்சம் ஈஸ்ட்ரோஜன் மட்டும் குடுத்துட்டு, மூளைக்குள்ள டோபமைன வாங்கிக்கிற ரிசெப்டார்ல ஒரு வகையான டி1 ரிசெப்டார தூண்டுற மருந்த விட்டா, புரோஜெஸ்டிரோனே இல்லாம அது முதுக வளைக்குது! ஆனா புரோஜெஸ்டிரோன் ரிசெப்டார தடுத்துட்டா ஒண்ணும் நடக்கல. அதாவது சாவி இல்லாமலே பூட்ட வேற வழியா திறந்துருக்கு டோபமைன்.

அப்புறம் பிரெய்ரி வோல்னு எலி மாதிரி ஒரு பிராணி, ஜோடி சேர்ந்தா பெரும்பாலும் அதோடவே இருக்கும். அந்த ஒட்டுதலுக்கு டோபமைனோட இன்னொரு வகை ரிசெப்டாரான டி2 துணை, டி1 நேர் எதிர்! ஒரே டோபமைன், எந்த கதவுல நுழையுதுங்கறதப் பொறுத்து வேலை தலைகீழ். ‘காதல் ஹார்மோன்’னு பேர் வாங்குன ஆக்சிடாசினோட ரிசெப்டார் ஜீன எடுத்துட்டாக்கூட வோல் ஜோடி சேருதுன்னு 2023ல காமிச்சிட்டாங்க, அப்படி எழுதுறவங்க அதையும் ஒருதடவ படிக்கலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்