கைப்பேசி எண்ணா வைஃபைக்குப் பூட்டு?

ஆசிரியருக்கு,

மார்த்தாண்டம், தக்கலை, குளச்சல் வட்டாரத்தில் ஃபைபர் இணைப்பு மாட்ட வருபவர்கள், வீட்டுக்காரரின் கைப்பேசி எண்ணையே வைஃபை கடவுச்சொல்லாகப் போட்டுவிட்டுப் போகக் கூடாது. வெறும் பத்து இலக்கத்தை, நல்ல கிராபிக்ஸ் கார்டு உள்ள கணினி சில மணி நேரத்தில் கண்டுபிடித்துவிடும். தொடர்பில்லாத நான்கைந்து தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் கோர்த்து வையுங்கள்.

ரூட்டரின் அமைப்புகளை மாற்றத் தேவைப்படும் அட்மின் கடவுச்சொல் வேறு. பலர் அதைத் தொடுவதே இல்லை. ரூட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் முகவரியை (பெரும்பாலும் 192.168.1.1) உலாவியில் அடித்து, அதையும் மாற்றுங்கள். அங்கேயே டபிள்யூபிஎஸ் (WPS - கடவுச்சொல் அடிக்காமல் எளிதாக இணைய உதவுவது) வசதியை அணைத்துவிடுங்கள். அதன் எட்டு இலக்க எண் இரண்டு பாதியாகச் சரிபார்க்கப்படுவதால், அதிகபட்சம் 11,000 முயற்சியில் உடையும் என்பது 2011-லேயே தெரிந்த விஷயம்.

வீதிகளைப் படமெடுக்கச் சுற்றிய கூகுளின் ஸ்ட்ரீட் வியூ கார்கள், பூட்டில்லாத வைஃபைகளில் ஓடிய தகவலையும் அள்ளியதை அந்நிறுவனமே 2010-ல் ஒப்புக்கொண்டது. வீதியில் போகும் கைப்பேசிகள் வழியே ரூட்டரின் இருப்பிடம் இன்றும் கூகுளிடம் பதிவாகிறது. வைஃபை பெயரின் கடைசியில் அடிக்கோடும் 'நோமேப்' என்ற சொல்லும் ஆங்கிலச் சிற்றெழுத்தில் (_nomap) சேர்த்தால், கூகுள் அந்த ரூட்டரைத் தன் இருப்பிடப் பட்டியலில் சேர்க்காது. பெயரை மாற்றியதும் டிவி, கேமரா எல்லாவற்றையும் மறுபடி இணைக்க வேண்டிவரும்.

- வாசகர்கள், தக்கலை