முதலிடமும் செப்டம்பரும்: மகளுக்கு ஒரு கடிதம்

அன்பு மகளுக்கு,

போன வாரம் நீ அனுப்பிய குரல் பதிவைக் கேட்டேன். "லேடரில் (புள்ளிப் பட்டியலில்) முதலிடத்துக்கு வந்தாலே நம்ம டீம் உருப்படாது, இனி க்ரோஸை நம்பப் போவதில்லை" என்று நம்ம ஆஸ்திரேலியக் கால்பந்து (ஏஎஃப்எல்) அணி அடிலெய்ட் க்ரோஸைப் பற்றிச் சொல்லியிருக்கிறாய். அப்பா அதைக் கேட்டுவிட்டு, பிள்ளை சொல்வது சரிதானே என்று எழுந்து போய்விட்டார். எனக்கு அப்படி விட மனம் வரவில்லை. போனில் பேசினால் நீ நடுவில் புகுந்து வாதாடுவாய், அதனால்தான் எழுதுகிறேன், முழுக்கப் படி.

இந்த 2025 செப்டம்பரில் நடந்தது வலிக்கத்தான் செய்கிறது. 23 ஆட்டத்தில் 18 வெற்றி, லேடரில் முதலிடம், எட்டு வருஷத்துக்கு அப்புறம் ஃபைனல்ஸ், அதாவது முதல் எட்டு அணிகள் கோப்பைக்காக ஆடும் கடைசிக் கட்டம். 2017க்குப் பிறகு நாம் ஒரு ஃபைனலைக்கூடப் பார்க்கவில்லை, நடுவே 2020இல் லேடரின் அடிமட்டத்துக்கே போய், கிளப் வரலாற்றில் முதல் தடவையாக கடைசி அணிக்கான கேலிப் பரிசான உட்டன் ஸ்பூனும் வாங்கினோம். அங்கிருந்து அதே கோச் மேத்யூ நிக்ஸ் தூக்கிக்கொண்டு வந்த அணி இது. அந்த அணி அடிலெய்ட் ஓவலில், நம்ம ஜனங்கள் நிரம்பி வழிந்த மைதானத்தில், காலிங்வுட்டிடம் 24 புள்ளியில் தோற்றது. அடுத்த வாரம் அதே மைதானத்தில் ஹாதோர்னிடம் 34 புள்ளியில் தோற்றது, அதுவும் எட்டாம் இடத்திலிருந்து வந்த ஹாதோர்னிடம். முதலிடத்தில் முடித்த அணி இப்படி ஃபைனல்ஸில் ஒன்றுகூட ஜெயிக்காமல் வெளியே போவது 1983இல் நார்த் மெல்பர்னுக்கு நடந்தது, அதற்கப்புறம் நமக்குத்தான். மைதானத்திலிருந்து வெளியே வரும்போது டாரன்ஸ் நதிப் பாலத்தில் யாரும் பேசவில்லை. அந்தக் கோபம் உனக்கு மட்டுமா இருக்கிறது.

ஆனாலும் முதலிடம் ஒரு சாபம் என்று நீ சொல்வதை ஏற்க மாட்டேன். 2025 வரை இருந்த ஃபைனல்ஸ் முறை 2000இல் வந்தது. அதிலிருந்து இந்த வருஷம் வரை 26 சீசன், அதில் முதலிடத்தில் முடித்த அணி கோப்பையை எடுத்தது ஒன்பது தடவை. மூன்றாம் இடம் எட்டு தடவை, இரண்டாம் இடம் ஏழு தடவை. நான்காம் இடத்திலிருந்து ஒருவரும் எடுத்ததில்லை. மீதி இரண்டில் ஒன்று 2016இல் ஏழாம் இடத்திலிருந்து வந்த வெஸ்டர்ன் புல்டாக்ஸ், இன்னொன்று 2024இல் ஐந்தாம் இடத்திலிருந்து வந்த பிரிஸ்பேன். இதை ஒரு தாளில் எழுதி வைத்துப் பார். முதல் மூன்று இடத்துக்குள் வருவதுதான் பெரிய விஷயம், அதற்குள் முதலாவதா மூன்றாவதா என்பதில் பெரிதாக ஒன்றும் இல்லை. முதலிடத்துக்குக் கிடைப்பது என்ன? நான்காம் இடத்தோடு நம்ம மைதானத்தில் ஓர் ஆட்டம், அதில் தோற்றாலும் இன்னொரு வாய்ப்பு. இரண்டாம் இடத்துக்கும் அதே சலுகைதான், மூன்றாம் இடத்துக்காரன் முதல் ஆட்டத்தை மட்டும் வெளியூரில் ஆடுகிறான். 23 வாரம் உழைத்ததற்கு இவ்வளவுதானா என்று எனக்கும் தோன்றும், ஆனால் விதி அதுதான்.

அப்புறம் நம்ம கதையையே எடுத்துக்கொள். நீ பிறக்கும் முன்னால், 1997இல், நாங்கள் இந்த ஊருக்கு வந்த புதிதில், பக்கத்து வீட்டு அம்மா கூப்பிட்டு உட்காரவைத்துக் காட்டிய முதல் கிராண்ட் ஃபைனல் (கோப்பையை முடிவு செய்யும் ஆட்டம்) அது. முதலிடத்தில் இருந்தது செயின்ட் கில்டா, நாம் நான்காம் இடம். கடைசி குவார்ட்டரில் டாரன் ஜார்மன் மட்டும் ஐந்து கோல் போட்டான், 31 புள்ளியில் ஜெயித்தோம். அடுத்த வருஷம் நாம் ஐந்தாம் இடம். முதல் ஃபைனலிலேயே மெல்பர்னிடம் 48 புள்ளியில் அடி வாங்கி, அப்போதிருந்த முறையில் எப்படியோ தப்பித்து, கிராண்ட் ஃபைனலில் முதலிடத்து நார்த் மெல்பர்னைப் பார்த்தோம். பாதி ஆட்டத்தில் அவர்கள் 24 புள்ளி முன்னால். ஆனால் அவர்கள் போர்டில் இருந்தது 6 கோலும் (கோலுக்கு 6 புள்ளி) 15 பிஹைண்டும் (குறி தப்பினால் ஒரே புள்ளி). கோலுக்கு வழி கிடைத்தும் திரும்பத் திரும்பக் கம்பத்துக்கு வெளியே அடித்துக்கொண்டே இருந்தார்கள். நாம் 35 புள்ளியில் ஜெயித்தோம். இரண்டு வருஷமும் கிராண்ட் ஃபைனலின் சிறந்த வீரருக்கான நார்ம் ஸ்மித் மெடல் ஆண்ட்ரூ மெக்லியோடுக்கு. நம்மிடம் இருக்கிற இரண்டு கோப்பையும் முதலிடத்து அணியைத் தோற்கடித்து எடுத்தவை. 2005, 2017, 2025 என்று நாம் முதலிடத்தில் முடித்த மூன்று வருஷமும் வெறுங்கையோடு வந்தோம். இதைப் பார்த்துத்தான் நீ சாபம் என்கிறாய். ஆனால் ஒவ்வொன்றையும் பிரித்துப் பார்த்தால் தனித்தனிக் காரணம் தெரியும்.

2017 உனக்கு நன்றாக ஞாபகம் இருக்கும், பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சைக்குப் படிக்காமல் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தாய். கிராண்ட் ஃபைனலில் முதல் குவார்ட்டர் முடிவில் 11 புள்ளி முன்னால் இருந்தோம், முடிவில் 48 புள்ளியில் தோற்றோம். நாம் நின்றது மெல்பர்னின் எம்சிஜி மைதானத்தில், எதிரே ரிச்மண்ட், எம்சிஜி அவர்கள் வருஷம் முழுக்க ஆடும் மைதானம், 1980க்கு அப்புறம் கோப்பையே பார்க்காத அணி, வந்த ஒரு லட்சம் பேரில் பாதிக்கு மேல் அவர்கள் பக்கம். பிரோடி ஸ்மித் முழங்கால் போய் வெளியே, மிட்ச் மெக்கவர்னும் இல்லை. முதலிடம் வாங்கிக் கொடுத்த ஹோம் கிரவுண்ட் கடைசி சனிக்கிழமை செல்லாது, கிராண்ட் ஃபைனல் எம்சிஜியில்தான். விக்டோரியாவுக்கு வெளியே இருக்கிற எல்லா அணிக்கும் இந்தச் சுமை உண்டு, அதை நான் அநியாயம் என்றே சொல்வேன், ஒப்பந்தமோ 2059 வரைக்கும் போட்டு வைத்திருக்கிறார்கள். பிரிஸ்பேன் அங்கேயே போய் இரண்டு வருஷம் தொடர்ந்து ஜெயித்துவிட்டது, அதனால் அதையே சாக்காகச் சொல்லிக்கொண்டும் இருக்க முடியாது.

சரி, நம்மை விடு. முதலிடத்து அணி எப்படித் தோற்கிறது என்று தெரிய வேண்டுமானால் 2008 ஜீலாங்கைப் பார். அந்த சீசனில் 22 ஆட்டத்தில் ஒன்றே ஒன்றுதான் தோற்றார்கள். கிராண்ட் ஃபைனலில் ஹாதோர்னைவிட அதிகம் தடவை புள்ளி எடுத்தார்கள், ஆனால் 11 கோல், 23 பிஹைண்ட். ஹாதோர்ன் 18 கோல், 7 பிஹைண்ட். 26 புள்ளி வித்தியாசம். அந்த 23இல் 11 பிஹைண்ட் ஹாதோர்ன்காரர்களே தங்கள் கோட்டுக்குப் பின்னால் தள்ளிவிட்டது. நெருக்கடி வரும்போதெல்லாம் ஒரு புள்ளியை விட்டுக்கொடுத்துவிட்டு, பந்தைத் தன் கையில் எடுத்து, நிதானமாகத் திருப்பி ஆரம்பித்தார்கள். அதுவரை யாரும் இந்த அளவுக்குச் செய்ததில்லை, அடுத்த வருஷமே அதைத் தடுக்க விதியே மாற்றினார்கள். அந்த ஆட்டத்தின் பதிவை முழுக்க ஒரு தடவை பார், ஜீலாங் பயந்துபோன அணியாகத் தெரியவே தெரியாது. கால் குறி தவறியது, எதிரி புத்தியோடு ஆடினான், அவ்வளவுதான். அதே ஜீலாங் அடுத்த வருஷம் இரண்டாம் இடத்திலிருந்து வந்து கோப்பையை எடுத்தது.

ஜெயித்தவர்கள் மட்டும் சுலபமாகவா ஜெயித்தார்கள்? 2023 காலிங்வுட் முதலிடம். முதல் ஃபைனலில் மெல்பர்னை 7 புள்ளியில், கிராண்ட் ஃபைனலுக்கு முந்தைய பிரிலிமினரியில் ஜிடபிள்யூஎஸ் (கிரேட்டர் வெஸ்டர்ன் சிட்னி) அணியை 1 புள்ளியில், கிராண்ட் ஃபைனலில் பிரிஸ்பேனை 4 புள்ளியில். மூன்று ஆட்டம் சேர்த்து 12 புள்ளி, இரண்டே கோல். ஒரு பந்து வேறு பக்கம் துள்ளியிருந்தால் அவர்களையும் ஃபைனல்ஸில் உதறுகிறவர்கள் பட்டியலில் சேர்த்திருப்பார்கள். காலிங்வுட்டை எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது, உனக்கே தெரியும், ஆனால் கடைசி ஐந்து நிமிஷம் ஆடுவதை அவர்களிடம்தான் கற்க வேண்டும். அந்த ஐந்து நிமிஷத்தில் அவர்கள் அவசரப்படுவதே இல்லை, யார் எங்கே நிற்க வேண்டும் என்பது 22 பேருக்கும் தெரிந்திருக்கிறது.

இப்போது இந்த வருஷத்துக்கு வருகிறேன். உனக்குப் பிடிக்காத ஒன்றைச் சொல்கிறேன்: நம்ம முதலிடம் கொஞ்சம் சலுகையோடு வந்தது. 18 அணி, 23 ஆட்டம், எல்லாரோடும் இரண்டு தடவை ஆட முடியாது. யாரோடு இரண்டாவது தடவை என்பதை முந்தைய வருஷ லேடரைப் பார்த்துத்தான் போடுகிறார்கள். 2024இல் நாம் 15ஆம் இடம், அதனால் பலம் குறைந்த அணிகளோடு கூடுதல் ஆட்டம் கிடைத்தது. ஜெயித்த 18ஐ நான் குறைத்துப் பேசவில்லை, ஜெயிக்க வேண்டியவர்களை ஜெயிப்பதும் ஒரு திறமைதான். ஆனால் முதல் நாலில் இருந்த மற்ற மூன்று அணியையும்விட நாம் ரொம்ப முன்னால் இருந்த அணி கிடையாது. ரவுண்ட் 23இல் இதே காலிங்வுட்டை இதே மைதானத்தில் ஜெயித்தது 3 புள்ளியில்தான்.

அந்த ஆட்டத்தில்தான் ஐசக் ரான்கின் விஷயமும் நடந்தது. எதிரணி வீரரைத் தன்பாலினத்தவரை இழிவுபடுத்தும் சொல்லால் ஏசினான், நாலு ஆட்டம் தடை. தடை சரியானது, அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை, அந்த மாதிரி வார்த்தை மைதானத்தில் கேட்கக் கூடாது. ஆனால் ஆட்டமாக மட்டும் பார்த்தால் அது பெரிய ஓட்டை. நம்ம முன்வரிசை உயரமானவர்களை நம்பியது, தில்தோர்ப், ஃபோகார்ட்டி, வாக்கர். உயரமாகப் பந்து வரும்போது நாலு கை சேர்ந்து எழும்பித் தட்டிவிட்டால், கீழே விழும் பந்தைக் குனிந்து எடுத்து, ஒரு அடியில் திரும்பிக் கோல் போட ஒருவன் வேண்டும், ரான்கின் அந்த வேலைக்காரன். இரண்டு ஃபைனலிலும் பந்து கீழே விழுந்தபோது அங்கே எதிரணிக்காரன்தான் முதலில் இருந்தான். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன், தில்தோர்ப் இரண்டு பேரைச் சுமந்துகொண்டு எழும்பி, பந்தைக் கீழே கொண்டுவந்து கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்க்கிறான், அங்கே நம்ம சட்டை ஒன்றுகூட இல்லை. அதோடு அணியில் பெரும்பாலானோருக்கு இதுதான் முதல் ஃபைனல். கேப்டன் டாசனே இந்தச் சட்டையில் ஃபைனல் ஆடியது இப்போதுதான்.

பிரிஸ்பேனைப் பார்த்தாயா? இந்த வருஷம் முதல் ஃபைனலில் ஜீலாங்கிடம் 38 புள்ளியில் தோற்றார்கள், நம்மைவிட மோசமான தோல்வி. அடுத்த வாரம் கோல்ட் கோஸ்டை அடித்தார்கள், அப்புறம் எம்சிஜியில் காலிங்வுட்டை, கடைசியில் அதே ஜீலாங்கைப் பாதி ஆட்டம் சமமாக இருந்து 47 புள்ளியில். தோற்ற மறுவாரம் எப்படி எழுந்திருப்பது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது, ஏனென்றால் 2023இல் 4 புள்ளியில் கோப்பையை விட்டவர்கள் அவர்கள். நம்ம பையன்கள் முதல் பாடத்தை இந்த செப்டம்பரில்தான் படித்தார்கள். அதனால்தான் முடியும் என்கிறேன். வருகிற வருஷம் ஆட்டங்கள் கடினமாக இருக்கும், முதலிடம் வராமல் போகலாம், எனக்கு அது பரவாயில்லை, முதல் மூன்றுக்குள் வந்து, ரான்கினும் அந்தக் கீழ்ப்பந்தை எடுக்க இன்னும் ஒருவனும் இருந்தால் போதும்.

மெம்பர்ஷிப்பைப் புதுப்பித்துவிட்டேன், உன் பெயருக்கும் சேர்த்துத்தான், வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லி வைக்காதே. ரவுண்ட் ஒன்றின் நேரம் தெரிந்ததும் லண்டன் நேரத்துக்கு மாற்றி அனுப்புகிறேன், மீட்டிங் எதுவும் போட்டுக்கொள்ளாதே. செப்டம்பர் கடைசி வாரத்துக்கு இப்போதே லீவு கேட்டு வை.

அன்புடன்,
அம்மா