யாரும் போடாத பாட்டு

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில், ஒரு பாட்டு மண்டைக்குள் புகுந்துகொண்டு நாள் முழுக்க ஏன் ஓடுகிறது என்ற கட்டுரையைப் படித்தேன். வேகமான நடை, சட்டென்று பிடிபடும் மெட்டு, நடுவே எதிர்பாராத ஒரு தாவல், இவை உள்ள பாட்டுகளே அதிகம் ஒட்டிக்கொள்கின்றன என்று இங்கிலாந்தின் டர்ஹம் பல்கலைக்கழக ஆய்வாளர் தலைமையில் 3,000 பேரிடம் கேட்டறிந்து 2016-இல் வெளியிட்ட ஆய்வைச் சொல்லியிருந்தீர்கள். சூயிங்கம் மென்றால் பாட்டு சற்று அடங்கும் என்று ரெடிங் பல்கலைக்கழகத்தார் 2015-இல் கண்டதும் இருந்தது. மனதுக்குள் பாடும்போதும் வாயும் நாக்கும் அதில் பங்கெடுக்கின்றன என்பது எனக்குப் புதுச் செய்தி. ஆனால் கட்டுரை, இதில் பயப்பட ஒன்றுமில்லை என்று முடிந்துவிட்டது. ஒட்டிக்கொண்ட பாட்டு தலைக்குள் ஓடுகிறது என்று நமக்குத் தெரியும். அதே பாட்டு வெளியிலிருந்து வருவதாகக் காதில் விழுந்தால்? என் அம்மாவுக்கு அப்படித்தான் நடந்தது.

அம்மாவுக்கு இப்போது 79 வயது. மூன்று வருடம் முன்பு, ஐப்பசி அடைமழையில் ஓர் இரவு என்னை எழுப்பினார். “மாரியம்மன் கோயில்ல இந்நேரத்துக்கு ஸ்பீக்கர் போட்டிருக்காங்க பாரு, நிறுத்தச் சொல்லுடி” என்றார். அன்று சாயங்காலத்திலிருந்தே தெருவில் கரண்ட் இல்லை. கோயில் பூட்டிக் கிடந்தது. மறுநாளும் அதே பாட்டு, அதற்கடுத்த நாளும். “பல்லவியையே திரும்பத் திரும்பப் பாடுறான், சரணத்துக்கே போக மாட்டேங்கிறான்” என்று அழுதார்.

உறவுக்காரர்கள் காற்றுக் கருப்பு என்றார்கள். மந்திரித்துத் தாயத்துக் கட்டினோம். நாங்கள் பார்த்த முதல் மருத்துவர், அம்மாவின் காதைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் தூக்க மாத்திரை எழுதித் தந்தார். அந்த மாத்திரையால் பகலெல்லாம் தள்ளாடினார். பிறகு ஒரு நாள், பாட்டு நின்றுவிட்டது என்று அம்மாவே சொன்னார். நாங்களும் நம்பினோம். எட்டு மாதம் கழித்துத்தான் தெரிந்தது, பாட்டு நிற்கவே இல்லை. தன்னைப் பைத்தியம் என்று சொல்லிவிடுவார்களோ என்று பயந்து வாயை மூடிக்கொண்டிருக்கிறார். அந்த எட்டு மாதத்தை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் ஆறவில்லை.

கடைசியில் ஒரு காது மூக்கு தொண்டை மருத்துவர்தான் ஆடியோகிராம் எடுக்கச் சொன்னார். இரண்டு காதிலும் கேட்கும் திறன் பெரும்பகுதி போயிருந்தது. அம்மா டிவி சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனதையும், எதைச் சொன்னாலும் “என்ன?” என்று கேட்டதையும் வயசாகிவிட்டது என்று நாங்கள் தள்ளிவிட்டிருந்தோம். கேட்கும் திறன் குறைந்த முதியவர்களில் சிலருக்கு, பெண்களுக்கு இன்னும் அதிகமாக, இப்படிப் பாட்டு கேட்பதுண்டு என்றும் இது மனநோய் அல்ல என்றும் அவர் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். அம்மாவின் முகம் தெளிந்ததை நான் பார்த்தேன்.

அதன்பிறகு தேடித் தேடிப் படித்தேன். உட்காதில் நத்தைக்கூடு போல் சுருண்டிருக்கும் காக்ளியாவில் காதுக்குச் சுமார் 15,000 மயிர்ச் செல்கள் இருக்கின்றன. ஒலியின் அதிர்வை நரம்பு புரிந்துகொள்ளும் மின்குறியாக மாற்றுபவையும் அந்த மாற்றத்துக்குத் துணைநிற்பவையும் அவைதான். செத்தால் மறுபடி முளைப்பதில்லை. ஆனால் மூளை, காது கொண்டுவந்து கொடுப்பதை வாங்கிக்கொண்டு சும்மா இருப்பதில்லை. பழகிய பாட்டில் அடுத்த சுரம் எதுவென்று முன்கூட்டியே ஊகித்து வைக்கிறது. 2005-இல் அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரியில், தெரிந்த பாட்டுகளில் அங்கங்கே சில நொடிகளை மௌனமாக்கிப் போட்டுக் காட்டினார்கள். பாட்டு நின்ற இடத்திலும் கேட்பவரின் மூளையில் ஒலிக்கான பகுதி வேலையை நிறுத்தவில்லை. விட்ட இடத்தை அதுவே பாடி நிரப்பியிருக்கிறது.

நமக்கெல்லாம் அந்த ஊகத்தைக் காது உடனுக்குடன் திருத்துகிறது. பாட்டு இல்லை, மழைச் சத்தம்தான் என்று சொல்லிவிடுகிறது. அம்மாவின் காதிலிருந்து அந்தத் திருத்தம் மூளைக்குப் போய்ச் சேரவில்லை, அதனால் ஊகமே பாட்டாகிவிட்டது என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன். பிரிட்டனில் டிமோதி கிரிஃபித்ஸ் என்ற நரம்பியல் மருத்துவர், காது மந்தமாகிப் பாட்டு கேட்ட ஆறு முதியவர்களின் மூளையைப் படமெடுத்து 2000-இல் வெளியிட்டார். நிஜ இசையைக் கேட்கும்போது உழைக்கும் பகுதிகள் பலவும் அவர்களிடம் உழைத்துக்கொண்டிருந்தன. ஒலி முதலில் வந்து சேரும் பகுதி மட்டும் அப்படித் தெரியவில்லை. அம்மா பொய் சொல்லவில்லை, கற்பனையும் பண்ணவில்லை என்பதற்கு இதைவிட எனக்கு வேறென்ன சாட்சி வேண்டும்! அதே ஆய்வாளர் குழு 2014-இல் இன்னொன்றும் எழுதியது. இப்படிப் பாட்டு கேட்ட ஒரு பெண்மணிக்கு வெளியிலிருந்து பாக் என்ற ஜெர்மன் இசையமைப்பாளரின் இசையைப் போட்டு நிறுத்தியதும், அவர் காதில் ஓடிய பாட்டு சிறிது நேரம் தணிந்திருக்கிறது. காதுக்கு நிஜ ஒலி கிடைத்தால் மூளை அடங்குகிறது.

அம்மாவுக்கும் அப்படித்தான். காது மெஷின் வைத்து ஒரு மாதத்தில் பகல் பாட்டு ஏறக்குறைய நின்றுவிட்டது. இரவு மெஷினைக் கழற்றினால் சில நாள் வரும். தலைமாட்டில் ரேடியோவை வைத்துக்கொள்கிறார்.

எல்லோருக்கும் காரணம் காதுதான் என்று நான் சொல்லவில்லை. வலிப்பு, பக்கவாதம், சில மருந்துகள், இவற்றாலும் பாட்டு கேட்கலாம். மருத்துவர் பார்த்தே ஆக வேண்டும். ஆனால் வயதானவர் பாட்டு கேட்கிறது என்றால், தாயத்துக்கும் தூக்க மாத்திரைக்கும் முன்னால் காதைச் சோதியுங்கள் என்பதே என் வேண்டுகோள். வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ள முதியவர்களுக்கு ஒன்றிய அரசின் ராஷ்ட்ரீய வயோஸ்ரீ திட்டத்தில் 2017 முதல் காது மெஷின் இலவசமாகத் தருகிறார்கள் என்பதும் பலருக்குத் தெரியாது.

உங்கள் இதழ் இந்த ஊரில் டீக்கடை வரைக்கும் போகிறது. நல்ல காது மருத்துவர் ஒருவரிடம் கேட்டு இதைப் பற்றி ஒரு கட்டுரை போடுங்கள். எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக அச்சடியுங்கள். அம்மா தானே படிக்க ஆசைப்படுகிறார்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மன்னார்குடி