அழிப்பான் வழக்கு: நீ கேட்ட விவரங்கள்

அன்புள்ள நண்பா,

அம்மாவுக்கு எண்பது நிறைகிறது என்று படித்ததும் மனம் குளிர்ந்தது. முழங்கால் சிகிச்சைக்குப் பிறகு தேக்கா சந்தை வரைக்கும் நடந்து போய்க் கீரை வாங்கி வருகிறார் என்றாயே, அது அதைவிட நல்ல செய்தி. இங்கே எல்லாரும் நலம். எங்கள் புளோக்கில் இரண்டு மின்தூக்கிகளில் ஒன்றை மூடிவிட்டார்கள். சந்தைப் பையோடு கீழே நிற்கும் நேரத்தில் அக்கம்பக்கத்து வம்பெல்லாம் காதுக்கு வந்துவிடுகிறது.

கேக் வெட்டியதும் ஆளுக்கொரு கைப்பேசியோடு ஒதுங்காமல் இருக்க, சிறுவயதில் தன் கொடி அழிப்பான்களை (பள்ளியில் சுண்டி விளையாடுவோமே, நாட்டுக்கொடி அச்சிட்ட அந்த ரப்பர்கள்) நீ எடுத்துத் தொலைத்துவிட்டாய் என்று உன் அக்கா நாற்பது ஆண்டாகச் சொல்லிவரும் புகாரை வழக்காக நடத்தலாமா என்று கேட்டிருந்தாய். தாராளமாக நடத்தலாம். ஆனால் உன் திட்டத்தில் சுத்தியல் இருக்கிறது, கறுப்பு அங்கி இருக்கிறது, நீதிபதி நாற்காலியில் அம்மா இருக்கிறார். நடைமுறை மட்டும் இல்லை. அப்படி நடத்தினால் பத்தே நிமிடத்தில் சப்பென்று போய்விடும். கால் வெள்ளி பெறாத பொருளுக்கு உயர் நீதிமன்ற முறையை இம்மி பிசகாமல் கடைப்பிடிப்பதில்தான் சிரிப்பே இருக்கிறது. சுத்தியலை இன்றைக்கே பட்டியலிலிருந்து எடுத்துவிடு. இங்கிலாந்து வழிவந்த நீதிமன்றங்களில் அது கிடையாது, நம் சிங்கப்பூர் நீதிமன்றத்திலும் கிடையாது. அது சினிமா நமக்குக் கொடுத்த சீர்.

முதலில் வழக்கின் வகை. ‘திருட்டு’ என்று குற்ற வழக்காகப் போடாதே. அப்போது உனக்கு எட்டு வயது. அன்றைய தண்டனைச் சட்டப்படி ஏழு வயதுக்குக் கீழ் இருந்தால் குற்றமே இல்லை. ஏழிலிருந்து பன்னிரண்டுக்குள் என்றால் செய்வது என்னவென்று புரியும் பக்குவம் இருந்ததா என்று பார்க்க வேண்டும். 2019-இல் வந்த திருத்தம் அந்த ஏழு வயதைப் பத்தாக உயர்த்திவிட்டது. இது போதாதென்று, அம்மா அன்றைக்கே உன்னைத் தோப்புக்கரணம் போடவைத்தார் என்று நீயே எழுதியிருக்கிறாய். ஒரே குற்றத்துக்கு இருமுறை விசாரணை கூடாது என்று நம் அரசியலமைப்பின் 11-ஆவது பிரிவு சொல்கிறது. ஆக, குற்ற வழக்கு என்றால் நீ முதல் நிமிடத்திலேயே எழுந்து வீட்டுக்குப் போய்விடலாம். உரிமையியல் (சிவில்) வழக்காகப் போட்டால் தோப்புக்கரணம் உன்னைக் காப்பாற்றாது: தண்டனை வேறு, பொருளுக்கு ஈடு வேறு. மெய்ப்பிக்க வேண்டிய அளவும் குறைவு. ஐயத்துக்கு இடமின்றி நிறுவ வேண்டாம், ‘இப்படி நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம்’ என்ற அளவு போதும். நினைவை மட்டும் நம்பி நடக்கும் வழக்குக்கு இதுதான் தோது. இன்னொன்றும் உண்டு. எண்பதாம் பிறந்தநாள் வீட்டில் ‘திருடன்’ என்ற சொல் விளையாட்டுக்குக்கூட வேண்டாம்.

அடுத்து காலக்கெடு. பொருளை அபகரித்த வழக்குக்குக் கெடு ஆறு ஆண்டு. அக்கா அப்போது சிறுமி, வயது வந்த பிறகுதான் கடிகாரம் ஓடத் தொடங்கும் என்று கணக்குப் போட்டாலும் 2000-களின் தொடக்கத்திலேயே முடிந்துவிட்டது. இங்கேதான் ஒரு நுணுக்கம். இந்தியச் சட்டப்படி கெடு தாண்டிய வழக்கை, எதிர்தரப்பு வாய் திறக்காவிட்டாலும் நீதிமன்றமே தள்ளிவிட வேண்டும். சிங்கப்பூரில் அப்படியில்லை. பிரதிவாதி அதைத் தன் எதிர்வாதமாக எழுப்பினால்தான் செல்லும். ஆகவே நீ எழுப்பப் போவதில்லை என்று இப்போதே எழுதிக் கையெழுத்திட்டு அக்காவிடம் கொடுத்துவிடு. அதை முதல் ஆவணமாகப் படிக்கும்போதே கூட்டம் நிமிர்ந்து உட்காரும்.

புகாரை ஒரே வாக்கியத்தில் எழுதச் சொல். ‘என் சாமானையெல்லாம் எப்பவும் எடுப்பான்’ என்று எழுதினால் விசாரணை பொங்கல் சீர் வரைக்கும் போய்விடும். நாள், இடம், பொருள், எண்ணிக்கை, செயல் ஐந்தும் வர வேண்டும்: ‘1986 ஜூன் விடுமுறைக்கு முந்திய வாரம், வாதியின் மேசை இழுப்பறையில் பிஸ்கட் டப்பாவில் வைத்திருந்த 42 கொடி அழிப்பான்களைப் பிரதிவாதி அனுமதியின்றி எடுத்துச் சென்று பள்ளியில் சுண்டாட்டத்தில் இழந்தார்.’ இதற்கு வெளியே யார் எதைப் பேசினாலும் நீதிபதி ‘வழக்குக்குப் புறம்பானது’ என்று வெட்டலாம். நகை, வீடு, யாரை யார் அதிகம் படிக்கவைத்தார் போன்ற எதுவும் கிட்டே வரக்கூடாது. ஒரு சின்னச் சோதனை: சாப்பாட்டு நேரத்தில் இந்த வாக்கியத்தைச் சத்தமாகப் படி. இருவரும் சிரித்தால் வழக்கு ஓடும். ஒருவர் தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டால் அந்த இடத்திலேயே விட்டுவிடு.

அடுத்து நீதிபதி. அம்மா நீதிபதி ஆகக்கூடாது. 1986-இல் இந்த வழக்கை விசாரித்த கீழ்க்கோர்ட்டே அவர்தான். தன் தீர்ப்பின் மேல் தானே மேல்முறையீடு கேட்க முடியாது. அதோடு டப்பா காலியாக இருந்ததைப் பார்த்தவரும் அவர்தான். அவரைச் சாட்சியாக்கு. உன் அத்தானும் வேண்டாம். தீர்ப்பு எப்படி வந்தாலும் இரவு அக்காவோடு அதே வீட்டுக்குப் போக வேண்டியவர் அவர். உங்கள் எதிர்வீட்டு ஓய்வுபெற்ற ஆசிரியையைக் கேட்டுப்பார். என் பெயரையும் எழுதியிருந்தாய். சுண்டாட்டத்தில் எதிரே உட்கார்ந்து வென்றவர்களில் நானும் ஒருவன் என்பதை மறந்துவிட்டாயே. தனக்கு இல்லாத உரிமையை இன்னொருவருக்குக் கொடுக்க முடியாது என்பது பழைய விதி; அதைப் பிடித்துக்கொண்டால் அக்கா என் மேலேயே பாயலாம். என்னைச் சாட்சியாக மட்டும் கூப்பிடு.

ஜூரி, அதாவது பொதுமக்களே உட்கார்ந்து முடிவு சொல்லும் குழு, வேண்டும் என்று பிள்ளைகள் கேட்பார்கள், எல்லாம் ஆங்கிலப் படம் பார்ப்பதால். நம் ஊரில் 1969-இல் நாடாளுமன்றமே ஜூரியை ஒழித்துவிட்டது. புகழ்பெற்ற வழக்கறிஞர் டேவிட் மார்ஷல் அதைக் கடுமையாக எதிர்த்தார். அதன்பின் மரண தண்டனை வழக்குகளை 1992 வரை இரண்டு நீதிபதிகள் சேர்ந்து விசாரித்தார்கள். ஆனால் விருந்தில் கூட்டத்துக்கும் ஒரு வேலை வேண்டுமே. ஐந்து பேரை ஜூரியாக உட்காரவை. ஒற்றைப்படை எண்ணாக இருக்கட்டும். உன் வீட்டிலிருந்து இருவர், அக்கா வீட்டிலிருந்து இருவர், ஒருவர் நட்பு வட்டத்திலிருந்து. அவர்கள் நடந்ததா இல்லையா என்று மட்டும் சொல்லட்டும். ஈடு எவ்வளவு என்பதை நீதிபதி சொல்லட்டும்.

வழக்கறிஞர்களை மாற்றிப் போடு. அக்காவுக்காக உன் மகளும் உனக்காக அக்கா மகனும் வாதாட வேண்டும். தன் பெற்றோருக்காக வாதாடும் பிள்ளை கோபப்படும். எதிரணியில் நிற்கும் பிள்ளைக்கு ஆராய்ச்சியில் ருசி வந்துவிடும். இரண்டு பேரும் ‘சொற்களம்’ விவாதப் போட்டியில் பேசிப் பழகியவர்கள் என்றாய். அதில்தான் ஆபத்து. நம் மேடையில் வழக்காடு மன்றம் என்று ஒன்று காலங்காலமாக இருக்கிறது. கைகேயியைக் கூண்டில் ஏற்றுவார்கள், வாலியைக் கொன்றது சரியா என்று இராமனையே கேட்பார்கள். ஆனால் அங்கே இரு பக்கமும் பேச்சுதான். சாட்சியும் இல்லை, குறுக்கு விசாரணையும் இல்லை. அந்தப் பழக்கத்தில் பிள்ளைகள் கேள்வி கேட்பதற்குப் பதிலாகச் சொற்பொழிவாற்றிவிடுவார்கள். முதல் வாரம் மாம்பழ வழக்கை வைத்து ஒத்திகை பார்க்கச் சொல். முருகன் வாதி, பிள்ளையார் பிரதிவாதி. ‘உலகம்’ என்ற சொல்லுக்குப் போட்டி அறிவித்தபோது என்ன பொருள் என்பது ஒன்றுதான் பிரச்சினை. நாரதரைக் குறுக்கு விசாரணை செய்யப் பழகியவன் யாரையும் செய்வான்.

கேள்வி முறை இதுதான். தன் தரப்புச் சாட்சியிடம் பதிலைத் தூண்டும் கேள்வி கேட்கக்கூடாது: யார், எங்கே, எப்போது, என்ன பார்த்தீர்கள் என்று திறந்த கேள்வி. எதிர்தரப்புச் சாட்சியிடம் தலைகீழ்: ஒரு கேள்விக்கு ஒரே செய்தி, ‘ஆமாம்’ அல்லது ‘இல்லை’ என்ற பதில். உன் மகள் உன்னைக் கேட்பதாக வைத்துக்கொள்.

“டப்பா வாதியின் இழுப்பறையில் இருந்தது, சரிதானே?”

“ஆமாம்.”

“நீங்கள்தான் இழுப்பறையைத் திறந்தீர்கள்.”

“ஆமாம்.”

“அப்போது வாதி வீட்டில் இல்லை.”

“டியூஷனுக்குப் போயிருந்தாள்.”

“மறுநாள் மாலை டப்பாவில் ஒன்றுகூட இல்லை.”

“…இல்லை.”

இங்கே அவள் உட்கார்ந்துவிட வேண்டும். ‘அப்படியானால் ஏன் எடுத்தீர்கள்?’ என்று கேட்டாளோ, கதை முடிந்தது. ‘முந்தின நாள் அக்காவேதான் எடுத்துக்கோ என்றாள்’ என்று நீ ஆரம்பிப்பாய், அவளால் நிறுத்த முடியாது. பதில் தெரியாத கேள்வியைக் குறுக்கு விசாரணையில் கேட்காதே என்பது இந்தத் தொழிலில் முதல் பாடம். விசாரணை முடியும்வரை அவள் உன்னை ‘அப்பா’ என்று கூப்பிடவும் கூடாது. ‘சாட்சி அவர்களே’ என்பதுதான்.

அம்மா தமிழில்தான் சொல்வார், பேரப்பிள்ளைகளில் பாதிப் பேருக்குப் புரியாது. எனவே நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர் ஒருவர் வேண்டும். என்னைக் கேட்டால் இந்த வழக்கிலேயே சுவையான வேலை அதுதான். தமிழ் நன்றாக வரும் பதின்ம வயதுப் பிள்ளையை நிறுத்து. விதி இரண்டு. அம்மா ‘நான் பார்த்தேன்’ என்றால் அந்தப் பிள்ளையும் ‘நான்’ என்றே சொல்ல வேண்டும், ‘பாட்டி பார்த்தாங்களாம்’ என்று அல்ல. சேர்க்கவும் கூடாது, குறைக்கவும் கூடாது. ‘எடுத்தான்’ என்று அம்மா சொன்னதை ‘டுக்’ (took) என்று சொல்ல வேண்டிய இடத்தில் ‘ஸ்டோல்’ (stole) என்று சொல்லிவிட்டால் உன் வழக்கு அங்கேயே தோற்றது. அக்கா மகன் அந்தச் சொல்லுக்காகக் காத்திருந்து ஆட்சேபிக்க வேண்டும்.

சான்றுப் பொருள் தரப்புக்கு மூன்று போதும். வாதியுடையவை வா-1, வா-2. உன்னுடையவை பி-1, பி-2. எல்லாவற்றின் நகலும் ஒரு வாரம் முன்பே எதிரணி கையில் இருக்க வேண்டும், கடைசி நேரத்தில் பையிலிருந்து எடுக்கும் வித்தை கூடாது. பழைய பிஸ்கட் டப்பா இன்னும் இருந்தால் அதுதான் வா-1. கடையில் இப்போது புதிதாக வாங்கும் கொடி அழிப்பானுக்கு ‘மாதிரி’ என்று சீட்டு ஒட்டு. அசல் என்று காட்டிப் பிடிபட்டால் மொத்த வழக்கும் நாறிவிடும். மாதிரியால் பயன் உண்டு. விளிம்பை விரல் நுனியால் சுண்டி, தன்னுடையது எதிராளியுடையதன்மேல் ஏறி விழுந்தால் அது தனக்கு என்ற ஆட்டத்தை ஜூரி முன் செய்துகாட்டலாம். நாற்பத்திரண்டையும் ஒரே நாளில் தோற்க முடியுமா என்பது நல்ல கேள்வி. சிலம்பை உடைத்துக்காட்டிய மரபில் வந்தவர்கள் நாம், பொருளை மேசைமேல் வைத்துப் பேசவேண்டும்.

உன் அப்பா என்ன சொன்னார் என்பதை யாரும் சான்றாகக் கொண்டுவர வேண்டாம். காலமானவர் சொன்னதைச் சில நிலைகளில் சட்டம் ஏற்கும்தான். ஆனால் அம்மாவின் முகம் மாறும். இது சட்டத்தைப் பார்த்துச் சொல்வதல்ல.

நேரம்: புகாரைப் படிக்க 3 நிமிடம், தொடக்கவுரை தரப்புக்கு 2, நான்கு சாட்சிகள் ஆளுக்கு 7 (விசாரணை 4, குறுக்கு 3), முடிவுரை தரப்புக்கு 3, ஜூரி கூடிப் பேச 8, தீர்ப்பு 3. கூட்டினால் 52. ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொள். பிரியாணிக்கு முன்னால் நடத்து. சாப்பிட்ட பிறகு ஜூரி தூங்கிவிடும். நாலறை வீட்டுக் கூடம் போதும், புளோக்கின் கீழ்த்தளத் திறந்தவெளியான வாய்ட் டெக் வேண்டாம், எதிரொலியில் ஒரு பதிலும் காதில் விழாது. தொலைக்காட்சிக்கு முதுகு காட்டி நீதிபதி. சாட்சி நாற்காலி நீதிபதியைப் பார்த்து, அக்காவைப் பார்த்து அல்ல. கண்ணும் கண்ணும் சந்தித்தால் சாட்சி சண்டையாகிவிடும்.

கெட்டுப்போவது பெரும்பாலும் பார்வையாளர்களால்தான். பெரியம்மா ஒருவர் சோபாவிலிருந்தே ‘நாற்பத்திரண்டு இல்லடா, முப்பதுதான்’ என்பார். நீதிபதி உடனே அவரைச் சாட்சி நாற்காலிக்கு அழைக்க வேண்டும். பாதிப் பேர் அதோடு அமைதியாகிவிடுவார்கள். அம்மா நடுவில் கட்சி மாறினால் பதறாதே. பிறழ் சாட்சி என்று நீதிபதியிடம் அனுமதி வாங்கினால் அழைத்த தரப்பே அவரைக் குறுக்கு விசாரணை செய்யலாம்.

ஈட்டுக்கு நான் போட்ட கணக்கு: அழிப்பான் பத்துக் காசு என்று அக்கா நிறுவினால் 42-க்கு 4 வெள்ளி 20 காசு. நம் நீதிமன்றங்கள் வழக்கமாகப் போடும் தனிவட்டி ஆண்டுக்கு 5.33 விழுக்காடு. நாற்பது ஆண்டுக்கு 8 வெள்ளி 95 காசு. மொத்தம் 13 வெள்ளி 15 காசு. கூட்டுவட்டி கேட்டு உன் மகள் எழுந்தால் அக்கா மகன் ஆட்சேபிக்கட்டும். ஜூரி ‘அக்காவே எடுத்துக்கோ என்றாள்’ என்பதை நம்பினால் நீ ஒரு காசும் தர வேண்டாம். அந்த வாய்ப்பு உண்மையாகவே இருக்க வேண்டும். முன்கூட்டியே பேசிவைத்துத் தோற்காதே, பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவார்கள்.

புகார் வாக்கியத்தையும் சாட்சிப் பட்டியலையும் ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்பு, பார்த்துத் திருத்தித் தருகிறேன். எனக்கு அழைப்பாணையை வாட்ஸ்ஆப்பில் அனுப்பாதே. தாளில் அச்சடித்து உன் மகளையே கொண்டுவரச் சொல், மின்தூக்கிக்குக் காத்திருக்க ஒரு கால்மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொண்டு.

அம்மாவுக்கு என் வணக்கம்.

அன்புடன்,
உன் நண்பன்