கோடு இழுக்கிறவர்களுக்கு இங்கே பெயர் உண்டு, மாமா

அன்புள்ள மாமாவுக்கு,

கலிஃபோர்னியா விட்டியரிலிருந்து செந்தில் எழுதுவது. நாங்கள் மூன்று பேரும் நலம். அத்தைக்குச் சர்க்கரை குறைந்ததா, மாத்திரையை மாற்றிக் கொடுத்தார்களா? பாப்பா பள்ளிக்கூடம் போக ஆரம்பித்துவிட்டாள், மஞ்சள் பஸ்ஸில் ஏறும்போது திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. எனக்கும் ஊர் பழகிவிட்டது. ஒரு பாக்கெட் பால் வாங்குவதற்கும் காரை எடுக்க வேண்டும் என்பதுதான் இன்னும் பிடிக்கவில்லை. வெயில் நம்ம திருச்செங்கோடு மாதிரிதான், மழை அதைவிடக் குறைவு. அந்த வறட்சியால்தான் அறுபது எழுபது வருஷத்துக் கார்கள் தகரம் அரிக்காமல் இங்கே இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன, குளிர் நாட்டுப் பக்கம் பனிக்கு உப்பைக் கொட்டிக் கொட்டி வண்டியெல்லாம் துருப்பிடித்துப் போகும்.

போன வாரம் போனில் நீங்கள், ஸ்டிக்கர் வந்த பிறகு உலகத்தில் எவன் வண்டிக்குக் கையால் எழுதப்போகிறான் என்று சலித்துக்கொண்டீர்கள். அதற்குப் பதிலை போனில் சொல்லி முடிக்க முடியாது, அதனால்தான் இந்தக் கடிதம். கையால் எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள் மாமா. இருப்பது மட்டுமில்லை, இவர்களுக்கு இங்கே இருக்கிற மரியாதையை நீங்கள் நேரில் பார்க்க வேண்டும்.

எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் மெக்சிகோ வம்சாவளி, ரிட்டயர் ஆனவர். அவர் வீட்டு ஷெட்டில் 1964ஆம் வருஷத்து செவர்லே இம்பாலா ஒன்று நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அதை வெளியே எடுத்து, மனைவியைப் பக்கத்தில் உட்கார வைத்து, விட்டியர் பூல்வார்டு ரோட்டில் மெதுவாக, மிக மெதுவாக ஓட்டிக்கொண்டு போவார். இந்த வகைக் காரை லோரைடர் என்கிறார்கள். தரையைத் தொடுகிற அளவுக்குத் தாழ்த்தியிருப்பார்கள், ஒரு சுவிட்சைத் தட்டினால் வண்டி எழும்பி நிற்கும். இதற்குப் பின்னால் ஒரு சட்டமே இருக்கிறது. சக்கர விளிம்புக்குக் கீழே பாடி இறங்கக்கூடாது என்று கலிஃபோர்னியாவில் 1950களின் கடைசியில் தடை போட்டார்கள். உடனே ரான் அகிரே என்ற இளைஞர் 1957 கார்வெட் ஒன்றில் விமானத்து ஹைட்ராலிக் சாமானை மாட்டி, போலீஸ் வந்தால் உயரவும் போனால் இறங்கவும் செய்தார். இந்த மாதிரி ஊர்வலம் போவதற்கே பல நகரங்களில் தடை இருந்தது, 2024 ஜனவரி 1 முதல்தான் அந்தத் தடைகள் மாநிலம் முழுக்க நீங்கின. பக்கத்து வீட்டுக்காரர் அந்தச் செய்தியை என்னிடம் சொன்னபோது அவர் குரலே மாறிவிட்டது. அவருக்கு அது வெறும் டிராபிக் சட்டம் இல்லை, இளவயதில் தன்னையும் தன் ஆட்களையும் தெருவை விட்டே விரட்டிய விஷயம்.

அவர்தான் எனக்கு ஜிப்சி ரோஸ் காரைப் பற்றிச் சொன்னார். அதுவும் 1964 இம்பாலாதான், கிழக்கு லாஸ் ஏஞ்சல்ஸைச் சேர்ந்த ஹெஸ்ஸே வலாடெஸ் என்பவருடையது. பாடி முழுக்க ரோஸ் நிறம், அதன்மேல் பானட், டிக்கி, பக்கவாட்டு என்று இண்டு இடுக்கு விடாமல் கையால் வரைந்த ரோஜாக்கள். வரைந்தவர் வால்ட் ப்ரே. 2017இல் இந்தக் காரை வாஷிங்டனில் நாடாளுமன்றக் கட்டிடத்துக்கு எதிர் மைதானத்தில் கண்ணாடிக் கூண்டுக்குள் வைத்துக் காட்டினார்கள், நாட்டின் சரித்திர வண்டிகள் பதிவேட்டிலும் சேர்த்தார்கள். போலீஸ் துரத்திய வகை வண்டி மாமா, தலைநகரத்தில் நின்றது.

இதெல்லாம் எங்கே ஆரம்பித்தது என்று கேட்டால், வேகத்தில்தான். 1932இல் ஃபோர்டு கம்பெனி சாதாரண ஜனங்கள் வாங்கக்கூடிய விலையில் எட்டு சிலிண்டர் எஞ்சின் போட்ட காரை விட்டது, 65 குதிரைசக்தி. சில வருஷங்களில் அது பழைய இரும்புக் கடைக்கு வந்ததும் பையன்கள் வாங்கி மட்கார்டு, பம்பர், தேவையில்லாத கனம் எல்லாவற்றையும் கழற்றிப் போட்டுவிட்டு, எஞ்சினை இழைத்து, லாஸ் ஏஞ்சல்ஸுக்கு வடக்கே மியூராக், எல் மிராஜ் என்று காய்ந்து பாளமாகக் கிடக்கிற ஏரிப் படுகைகளில் கொண்டுபோய் ஓட்டினார்கள். அதுதான் ஹாட் ராட். 1937இலேயே இதற்கென்று சங்கம் வைத்துவிட்டார்கள், எல் மிராஜில் இன்றும் ஓட்டுகிறார்கள். இரண்டாம் உலக யுத்தம் முடிந்து ஊர் திரும்பிய சிப்பாய்களுக்கு வெல்டிங், எஞ்சின் வேலை எல்லாம் தெரிந்திருந்தது, கையில் கொஞ்சம் காசும் இருந்தது, அப்போதுதான் இது காட்டுத்தீயாகப் பரவியது.

வேகத்துக்காக இல்லாமல் அழகுக்காகவே வண்டியை மாற்றுகிறவர்கள் இன்னொரு கூட்டம். கஸ்டம் கார் என்பது அதுதான். ஜார்ஜ் பாரிஸ், சாம் பாரிஸ் என்ற அண்ணன் தம்பி லின்வுட் ஊரில் பட்டறை வைத்திருந்தார்கள். பாப் ஹிரோஹாட்டா என்ற ஜப்பானிய அமெரிக்கர் 1952இல் தன்னுடைய 1951 மெர்க்குரி காரை அவர்களிடம் விட்டார். கூரையை அறுத்து எடுத்துத் தாழ்த்தி ஒட்டினார்கள், ஜன்னல்களுக்கு நடுவில் இருந்த தூணை நீக்கினார்கள், மேலே வெளிர் பச்சை, கீழே கரும் பச்சை. நம்ம பட்டறையில் பட்டி பார்க்கிறோமே, அந்த இடத்தில் இவர்கள் ஈயத்தை உருக்கித் தடவி, அரம் போட்டு இழைத்தார்கள். பிறகு கைமாறிக் கைமாறி மதிப்பிழந்து கிடந்த அந்த வண்டியை 1959இல் ஒரு பையன் 500 டாலருக்கு வாங்கினான். உயிரோடு இருந்தவரை அவன் அதை விற்கவே இல்லை. நிதானமாகப் பழைய நிலைக்கே கொண்டுவந்தான். 2022இல் ஏலத்தில் போனபோது சுமார் 20 லட்சம் டாலர்.

இப்போது உங்களுக்குப் பிடித்த விஷயத்துக்கு வருகிறேன். கேண்டி பெயிண்ட். முதலில் வெள்ளி அல்லது தங்க நிறத்தில் மினுக்கும் அடிப்பூச்சு. அதன்மேல் கலர் கலந்த, ஆனால் ஒளி ஊடுருவுகிற பூச்சை மெல்லிசாகப் பல தடவை ஸ்ப்ரே கன்னில் அடிக்கிறார்கள். கடைசியில் நிறமில்லாத கிளியர் பூச்சு. வெளிச்சம் உள்ளே போய் அடிப்பூச்சில் பட்டுக் கலர் வழியாகத் திரும்பி வருகிறது. ஜிகினாத் தாள் மேல் கலர் கண்ணாடியை வைத்த மாதிரி ஆழம் தெரியும். வெயிலில் ஒரு நிறம், நிழலில் ஒரு நிறம். ஜோ பெய்லான் என்பவர்தான் 1950களில் இந்த முறையில் அடித்த சிவப்பைப் பிரபலமாக்கினார். இதில் கஷ்டம் என்னவென்றால் ஒவ்வொரு தடவை அடிக்கும்போதும் நிறம் அடர்ந்துகொண்டே போகும், அதனால் கன் ஒரு இடத்தில் ஒரு நொடி தங்கினாலும் அங்கே கறுத்துத் திட்டாகத் தெரியும், கதவுக்கு ஐந்து கோட், பானட்டுக்கு ஆறு கோட் என்று அடித்துவிட்டால் இரண்டும் ஒட்டவே ஒட்டாது. கீறல் விழுந்தால் அந்த இடத்தை மட்டும் தொட்டுச் சரிசெய்யவும் முடியாது, முழுத் தகட்டையும் திரும்ப அடிக்க வேண்டும். உங்கள் கை இதற்கு ஏற்ற கை மாமா. நீங்கள் போர்வெல் ரிக் வண்டிக்கு அடிக்கும்போது கையை நிறுத்தாமல் நடந்துகொண்டே அடிப்பதைப் பார்த்து வளர்ந்தவன் நான், இங்கே நல்ல பெயிண்டர்கள் அடிப்பதைப் பார்த்தபோது உடம்பின் அசைவே உங்களுடையதாக இருந்தது. ஆனால் அவர்கள் முகமூடி இல்லாமல் கன்னைத் தொடுவதில்லை. வாயில் கர்ச்சீப் கட்டுவது போதாது, தயவுசெய்து நல்ல மாஸ்க் வாங்குங்கள், பணம் நான் அனுப்புகிறேன்.

அப்புறம் கோடு. பின்ஸ்ட்ரைப்பிங் என்று பெயர். ஸ்கேல் கிடையாது. டேப் ஒட்டுகிறவர்களும் உண்டு, ஆனால் கெட்டிக்காரர்கள் நடுவில் மட்டும் பென்சிலால் ஒரு அடையாளம் வைத்துக்கொண்டு, இடது பக்கம் ஒரு வளைவு இழுத்தால் வலது பக்கம் அதே வளைவை அப்படியே இழுத்துவிடுகிறார்கள். இதைப் பெரிய கலையாக்கியவர் வான் டச் என்ற பட்டப்பெயர் கொண்ட கென்னத் ஹவர்ட், 1929இல் பிறந்தவர். அவர் அப்பா போர்டு எழுதுகிற பெயிண்டர், அந்தப் பிரஷ்தான் மகன் கைக்கு வந்தது. காரின் கம்பெனிச் சின்னத்தைப் பிடுங்கி இழைத்த இடத்தில் தெரிகிற குறையை மறைக்கத்தான் முதலில் கோடுகள் வந்தன என்று இங்கே பழைய ஆட்கள் சொல்கிறார்கள். இறக்கை முளைத்த கண் ஒன்றும் அவருடைய அடையாளம். மனிதராக அவர் நல்லவர் இல்லை, குடியும் இனவெறியும் பிடித்தவர் என்று எழுதியிருக்கிறார்கள். அதைப் படித்த பிறகு எனக்கு அவர்மேல் பிரியம் வரவில்லை. கோடு மட்டும் கோடுதான், அதை மறுக்க முடியாது.

எனக்குப் பிடித்தவர் எட் ராத். 1932இல் பிறந்தவர், 2001இல் காலமானார். சந்தைகளில் உட்கார்ந்து பனியனில் ஏர்பிரஷ்ஷால் பூதங்கள் வரைந்து விற்றவர். கண் பிதுங்கி, நாக்குத் தொங்கி, கியர் கம்பியைப் பிடித்துக்கொண்டு காரைப் பறக்கவிடுகிற பூதங்கள். ரேட் ஃபிங்க் என்ற பச்சை எலியும் அவருடையதுதான், பாப்பாவுக்கு அந்தப் படம் போட்ட பனியன் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். அவர் படத்தோடு நிற்கவில்லை. பிளாஸ்டரில் உருவம் பிடித்து, அதன்மேல் ஃபைபர்கிளாஸ் ஒட்டி, மனதில் வரைந்த காரை உண்மையிலேயே செய்து ஓட்டினார். 1961இல் செய்த பீட்னிக் பேண்டிட் காரில் ஸ்டீயரிங் கிடையாது, நடுவில் ஒரே ஒரு கம்பி, மேலே குமிழி மாதிரி கண்ணாடிக் கூரை. இப்போது ரீனோ நகரத்து மியூசியத்தில் இருக்கிறது. குமார் சின்ன வயதில் வைத்து விளையாடிய ஹாட் வீல்ஸ் பொம்மைக் கார்கள் ஞாபகம் இருக்கிறதா? அந்தக் கம்பெனி 1968இல் முதன்முதலாக விட்ட 16 கார்களில் இதுவும் ஒன்று. ராத்திடம் வேலை பார்த்த ராபர்ட் வில்லியம்ஸ் பிற்பாடு பெரிய ஓவியராகவே ஆனார். படத்திலிருந்து கார், காரிலிருந்து படம் என்று இரண்டும் ஒன்றையொன்று வளர்த்திருக்கின்றன. கார் தெரியாதவன் வரைந்த கார்ப் படம் இங்கே செல்லாது.

இங்கே பொமோனா ஊரில் ஜனவரி கடைசி, பிப்ரவரி வாக்கில் இந்த மாதிரி வண்டிகளுக்குப் பெரிய கண்காட்சி நடக்கிறது. 1950இல் ஓக்லண்டில் ஆரம்பித்தது, 2004இல் இங்கே மாற்றினார்கள். ஜெயிக்கிற வண்டிக்கு ஒன்பது அடி உயரக் கோப்பை. வண்டிக்கு அடியில் கண்ணாடி பதித்து வைக்கிறார்கள், அடிப்பாகத்துப் பெயிண்டையும் ஜனங்கள் குனிந்து பார்க்கிறார்கள். ஆனால் நான் நின்று பார்த்தது வேறு. வண்டிக்குப் பக்கத்தில் ஒரு போர்டு. பாடி வேலை இன்னார், பெயிண்ட் இன்னார், கோடு இன்னார், சீட் தைத்தது இன்னார். முதலாளி பெயருக்குப் பக்கத்திலேயே. அதைப் படித்ததும் எனக்கு உங்கள் நினைப்புதான். எத்தனை வண்டிக்கு எழுதியிருப்பீர்கள், அசாம் வரைக்கும் ஓடியிருக்கும், எதிலாவது உங்கள் பெயர் இருக்கிறதா? இனிமேல் பின் கதவுக்குக் கீழே சின்னதாக உங்கள் பெயரையும் ஊரையும் எழுதுங்கள். கூச்சப்படாதீர்கள். முதலாளி ஒன்றும் சொல்ல மாட்டார், சொன்னாலும் எழுதுங்கள். பட்டறையை விட்டுப் போகிற ஒவ்வொரு வண்டியையும் நாலு பக்கமும் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பச் சொல்லி குமாரிடம் சொல்லியிருக்கிறேன். பக்கத்து வீட்டுக்காரர் நீங்கள் வரைந்த மயிலை என் போனில் பார்த்துவிட்டு, கழுத்துக்கு எந்த நீலம் கலந்தார் என்று கேட்டார். பதில் சொல்லுங்கள், காத்திருக்கிறார்.

அடுத்த மாதம் ஊருக்கு வருகிற நண்பரிடம் இரண்டு பிரஷ் கொடுத்து அனுப்புகிறேன். அணில் முடி, கத்தி மாதிரிச் சாய்வாக வெட்டியிருக்கும், கைப்பிடி குட்டை. பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்து, சுண்டு விரலை வண்டிமேல் ஊன்றிக்கொண்டு, உங்களை நோக்கி இழுக்க வேண்டும், வளைவு வரும் இடத்தில் கைப்பிடியை விரலால் உருட்ட வேண்டும். முடி நீளம் என்பதால் ஒருமுறை எனாமல் தொட்டால் ரொம்ப தூரம் வரும். வேலை முடிந்ததும் தின்னரில் நன்றாக அலசி, எண்ணெயில் தோய்த்து, முடியை நேராக நீவிப் படுக்க வைத்துவிடுங்கள். நிற்க வைத்தால் முடி வளைந்துவிடும். பையன்களிடம் கொடுக்க வேண்டாம், அவர்களுக்கு அடுத்த தடவை தனியாக அனுப்புகிறேன்.

அன்புடன்,
செந்தில்